ஐம்பத்தெட்டு எப்பவும் லேட்டுதான்

சின்னக்கரடு பழைய பஞ்சாலைக் காம்பவுண்டுக்குள் நின்ற நூற்றுப் பன்னிரண்டு மரங்களும் முதல் தடவையாக அட்டெண்டன்ஸ் சொன்ன சனிக்கிழமை சாயங்காலத்தில், ஐம்பத்தெட்டாம் நம்பர் வாகை மட்டும் லேட். மற்ற நூற்றுப் பதினொன்றும் நம்பரைக் கூப்பிட்ட கையோடு "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத் தத்தம் காற்றைப் பார்க்கப் போய்விட, ஐம்பத்தெட்டு மட்டும், பின்பெஞ்சில் டிபன்பாக்ஸைத் திறந்து வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தவனை எழுப்பிவிட்ட மாதிரி, இந்தப் பக்கம் ஒரு கிளை அந்தப் பக்கம் ஒரு கிளை அசைத்து, காய்ந்த நெற்றுகளைச் சலசலவென்று உலுக்கி, அம்மா பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டுகிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு, அடித்தொண்டையில் "உள்ளேன்... ஐயா" என்றது.

கூப்பிட்டது நான். பிரச்சினையே அதுதான்.

ஏனென்றால் என் பெயர் தாரணி, அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன், நான் நிற்கிற இடத்தில் கேட்கிற எந்தக் குரலையும் சின்னக்கரட்டில் யாரும் அதன் சொந்தக்காரருடையது என்று நம்ப மாட்டார்கள். "படியில நிக்காத, உள்ள போ, உள்ள அம்புட்டும் எடம்" என்று பஸ் கண்டக்டர் குரலில் நான் சொல்லி, ஓடாத பஸ்ஸுக்குள் இருபது பேர் நெருக்கியடித்து நின்றிருக்கிறார்கள். ரேஷன் கடை மெஷினுக்குள் இருக்கிற அந்தப் பெண் குரலில் "உங்கள் கைரேகை பொருந்தவில்லை" என்று வரிசைக்குப் பின்னால் நின்று நான் சொல்ல, பதினோரு பேர் போய்க் கைகழுவிவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரே காலையில் வகுப்பில் ஏழு பேருக்கு ஏழு குரலில் ப்ராக்ஸி கொடுத்து, எட்டாவதாக என் பெயரையே கூப்பிட்டபோது என் குரல் எது என்று பிடிபடாமல் திருதிருவென்று முழித்து, எனக்கு மட்டும் ஆப்சென்ட் விழுந்திருக்கிறது.

அம்மா, ரேணுகாதேவி, நேர்மாறு. அவளுக்கு ஒரே குரல், ஒரே கையெழுத்து. வனவியல் படித்தவள். எவராவது ஒரு நிலத்தில் மனை பிரித்து வீடு கட்ட அனுமதி கேட்டால், அந்த நிலத்தில் என்னென்ன மரம், எங்கெங்கே, எவ்வளவு பருமன், எது நிற்கும், எது போகும் என்று பட்டியலும் படமும் வரைந்து கொடுத்தால்தான் ஃபைல் நகரும். அந்தப் பட்டியலுக்காகப் பில்டர்கள் அம்மாவுக்குப் போன் பண்ணுவார்கள். அம்மா நாள் குறிப்பாள், நடராசண்ணனை டேப்போடும் மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடும் கூட்டிக்கொண்டு போவாள், ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுப்பாள், மஞ்சளில் நம்பர் போடுவாள். அவளுக்கு ஒரே ஒரு விதி. ஒரு தடவை ஒரு மரத்துக்குக் கொடுத்த நம்பர் அந்த மரத்துக்குத்தான். மரம் செத்தாலும், விழுந்தாலும், போனாலும், பட்டியலில் அந்த வரி இருக்கும், எதிரில் என்ன ஆச்சு என்று இருக்கும், வேறு மரத்துக்கு அந்த நம்பர் போகாது.

அந்த வாரம் நடராசண்ணனுக்கு அம்மை போட்டிருந்தது. அதனால் நான் போனேன். இருபத்தேழு வருஷமாகப் பூட்டிக் கிடந்த பஞ்சாலை, கேட்டைத் திறந்து எங்களை விட்டுவிட்டு வாட்ச்மேன் மறுபடி பூட்டிக்கொண்டான், அன்றைக்கெல்லாம் அம்மா அளந்தாள், நான் எழுதினேன், நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தபோது, "கண்ணு, ஒருக்கா சரிபார்த்துருவோம். நம்பரை ஒசக்கச் சொல்லு, நான் மரத்தைப் பாத்து டிக் பண்றேன்" என்றாள்.

நம்பரை மட்டும் சும்மாப் படிக்க எனக்கு வாய் வருமா? எங்கள் ஹெட்மாஸ்டர் ஞானப்பிரகாசம் சார் மாதிரி ஒரு செருமல் செருமி, இல்லாத மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "அமைதி! அமைதி என்றால் என்ன பொருள்? ஒண்ணு!" என்றேன்.

"உள்ளேன் ஐயா" என்றது ஒன்றாம் நம்பர் வேம்பு.

அம்மா டிக் பண்ணினாள். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? பஞ்சாலையின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் பள்ளிக்கூடம். அறுபது வருஷமாகத் தினம் காலையில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஜன்னல் ஜன்னலாக அட்டெண்டன்ஸ் எடுக்கிற சத்தத்தைச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டே வளர்ந்த மரங்கள், தங்களுக்கும் ஒரு நம்பர் கிடைத்து, தங்களையும் ஒருவர் ஹெட்மாஸ்டர் குரலில் கூப்பிட்டால், பின்னே என்ன சொல்லும்?

"கடேசி காலத்துல எங்களையும் ஒருத்தன் நம்பர் போட்டுக் கூப்புட்டா நாங்களும் வாயைத் தொறப்போம்" என்று மட்டும் சொன்னாள், கேட்டுக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கிற பழனாத்தாள் அக்கா, செய்தி அவள் பாய்லரைத் தாண்டிப் போனபோது. சொல்லிவிட்டு நுரை ஆற்றப் போய்விட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து சின்னக்கரடு அதைத் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. காலை எட்டேகாலுக்கு நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் குரலில் கூப்பிட, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வரும். காம்பவுண்டுச் சுவர் ஆள் உயரத்துக்கு மேலே, உள்ளே முள்ளும் புதரும், கேட் பூட்டு, அதனால் எந்த நம்பர் எந்த மரம் என்று எங்களைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது, குரல்தான் தெரியும். குரலை வைத்தே ஆளைப் பழகிக்கொண்டார்கள். பதினாலு சளி பிடித்தவர். முப்பத்தொன்று மாமியாரிடம் பேசுகிற மருமகள் மாதிரி, சொல்லி முடிப்பதற்குள் குரல் தேய்ந்துவிடும். தொண்ணூறும் தொண்ணூற்றொன்றும் ஏதோ சண்டை, ஒன்று சொன்னதும் இன்னொன்று அதைவிடச் சத்தமாகச் சொல்லும். ஐம்பத்தேழு புங்கன், முப்பத்துநாலு சென்டிமீட்டர்தான் சுற்றளவு, மீசை முளைக்கிற பையன் மாதிரி "உள்" என்பது ஆண்குரலாகவும் "ளேன்" என்பது கீச்சென்றும் வரும். அடுத்து ஐம்பத்தெட்டு. அங்கே எல்லாரும் நிறுத்துவார்கள். பழனாத்தாள் அக்கா டம்ளரைக் கவிழ்த்துவைப்பாள். பால்காரர் காலை ஊன்றி வண்டியைச் சாய்த்துக்கொள்வார். சலசல, சலசல, "உள்ளேன்... ஐயா." அப்பாடா என்று ஊர் மறுபடி நகரும்.

ஒரு மாதத்தில் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்தால் "ஐம்பத்தெட்டுக" என்றார்கள். முகூர்த்தத்துக்கு லேட்டாக வந்த ஐயரை "வாங்க ஐம்பத்தெட்டு" என்று கூப்பிட, அவரும் கோபித்துக்கொள்ளாமல் "உள்ளேன் ஐயா" என்று பந்தலுக்குள் நுழைந்தார். பிறந்ததிலிருந்து வாய் திறக்காத ஒரு நாலு வயதுக் குழந்தையை எழுபத்திரண்டைக் கூப்பிடுகிற நேரத்துக்குக் கேட்டருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். குழந்தை பேசவில்லை, ஆனால் கையைத் தூக்கியது, அதுவே போதும் என்று தாய் அழுதுகொண்டே திரும்பிப் போனாள். கட்சிக்காரர்கள் வந்து வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று விசாரித்துவிட்டு, பதினெட்டு வயது ஆனதற்குச் சான்று இல்லை என்று திரும்பினார்கள். ஞானப்பிரகாசம் சார் மட்டும் பிரேயரில் நின்று, "சுவருக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கு நூறு வருகை! நடக்கத் தெரியாதவை! இந்தப் பக்கம் கால் முளைத்த உங்களில் எழுபது சதவீதம்! வெட்கம் என்றால் என்ன பொருள்?" என்று கேட்டார்.

அவருக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் உண்டு. "தாரணி நிற்கிற இடத்தில் கேட்ட குரலுக்கெல்லாம் நான் சாட்சி சொல்ல மாட்டேன்" என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னாராம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பேனா? நூற்றுப் பன்னிரண்டு குரல் எனக்கு வரும் என்று ஒருவர் நம்பினால் அதைவிடப் பெரிய பட்டம் ஏது? "நான் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அதை முப்பத்தொன்றின் குரலில் சொல்வேன். கை தட்டுவார்கள்.

அந்தக் கைதட்டல்தான் அம்மாவின் தலையில் வந்து விழுந்தது.

நிலத்தை வாங்கியிருந்த பில்டர் குழந்தைவேல், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார், அட்டெண்டன்ஸ் சொல்லும் மரங்கள் என்றதும் முதலில் குதியாட்டம் போட்டவர். "கூப்பிட்டால் பதில் சொல்லும் வீட்டுமனைகள்" என்று நோட்டீஸ் அடித்து வீடுவீடாகப் போட்டார். பிறகுதான் அம்மா வரைந்த மரப் படத்தையும் தன் இன்ஜினியர் வரைந்த மனைப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். கேட்டிலிருந்து நேராகப் போகிற நாற்பதடி ரோட்டின் நட்டநடுவில், இரண்டு மீட்டர் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர் சுற்றளவில், ஐம்பத்தெட்டு.

"ரோட்டைச் சித்த வளைச்சுக்குங்" என்றாள் அம்மா.

"வளைச்சா வாஸ்து போயிருமுங்க. அத வெட்டுறதுக்குன்னு எழுதிக் குடுத்துருங்க, அனுமதி வாங்கிக்கிறேன்."

"நல்ல மரமுங்க. நோயில்ல, பொந்தில்ல. அத வெட்டலாமுன்னு என்ற கையி எழுதாதுங்க."

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறவர், ஒரு கோடு நேராகப் போகவேண்டும் என்று வந்துவிட்டால் மட்டும் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

மாரியம்மன் நோம்பி வந்தது. கம்பம் நட்டு, மாவிளக்கு எடுத்து, ஊர் மொத்தமும் கோயில்மேட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எட்டு ஸ்பீக்கரும் பம்பையும் உருமியும் முழங்கிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில், ஐம்பத்தெட்டு இல்லாமல் போனது. மறுநாள் மரங்களைப் போட்டோ எடுக்க நாங்கள் போனோம். போட்டோ எடுப்பது அம்மாவுக்குக் கடைசி வேலை, பட்டியல் முடிந்து, படம் முடிந்து, இலையெல்லாம் தெளிந்த ஒரு நாளில் எடுப்பாள். ஐம்பத்தாறு இருந்தது. ஐம்பத்தேழு இருந்தது. அடுத்து, சமன் செய்து தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிய செம்மண், அதற்குமேல் புத்தம்புதிய புல்பத்தை. அப்புறம் ஐம்பத்தொன்பது. அடிக்கட்டைகூட இல்லை.

நான் ஹெட்மாஸ்டர் குரலில் கூப்பிட்டேன். ஐம்பத்தேழு சொன்னது. ஐம்பத்தெட்டு என்றேன். காத்திருந்தேன். அம்மா பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி, மாட்டினாள்.

சாயங்காலமே குழந்தைவேல் வீட்டுக்கு வந்து காபி குடித்தார். "ஏனுங்கம்மா, எழுதறப்ப நம்பர் தாண்டிப் போறது சகஜந்தானுங்களே. ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு விட்டுப்போச்சு, மொத்தம் நூத்திப் பதினொண்ணுதான்னு ஒரு வரி எழுதிருங். வியாழக்கிழமை ஆபீசர் வர்றாங்க."

"ஊரே அது குரலைக் கேட்டுதுங்களே" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். "கேட்டாங்க அம்மிணி. ஆனா கேட்டது உன்ற வாயிலருந்துதானே? நீ என்னை மாதிரிகூடப் பேசுவேன்னாங்க. எங்க, பேசு பாக்கலாம்."

ஜென்மத்தில் முதல் தடவையாக என் வாய் யாரைப் போலவும் வரவில்லை.

அவர் போன பிறகு அம்மா கத்தவில்லை, அதுதான் வலித்தது. காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பட்டியலின் ஐம்பத்தெட்டாம் வரியை மட்டும் விரலால் தடவினாள். கணக்கு எனக்கும் புரிந்தது. ஐம்பத்தெட்டை எடுத்துவிட்டால் அம்மா பொய் எழுதியவள். எடுக்காவிட்டால், ஆபீசர் வந்து பார்க்கும்போது அங்கே புல்தான் இருக்கும், இல்லாத மரத்தை எழுதியவள் என்று அவளுடைய பதிவை ரத்து பண்ணுவார்கள், அந்தக் கையெழுத்துக்கு இனி எந்த ஃபைலிலும் இடம் இருக்காது. மரம் இருந்ததற்கு ஊரில் நூறு சாட்சி உண்டு, அந்த நூறு பேரையும் நான்தான் சிரிக்கச் சிரிக்கச் செல்லாத சாட்சியாக்கி வைத்திருந்தேன்.

"வரி இருக்கும். வெட்டிட்டாங்கன்னு எழுதுவேன்" என்றாள் அம்மா.

"அவரு ஒத்துக்க மாட்டாரேம்மா."

"அது அவரு குரலு. இது என்ற குரலு."

வியாழக்கிழமை ஆபீசர் மங்கையர்க்கரசி மேடம் வந்தார், மதுரைக்காரர், கூலிங்கிளாஸ், கக்கத்தில் ஃபைல், காலில் சேற்றுக்குத் துணிந்த ஷூ. கேட் திறந்தது, அவருக்குப் பின்னால் டீக்கடையும் பால்வண்டியும் பள்ளிக்கூடத்துப் பாதியும் உள்ளே நுழைந்துவிட்டன. குழந்தைவேல் தன் கட்சியைச் சொன்னார், நம்பர் தாண்டிப் போச்சு. அம்மா தன் கட்சியைச் சொன்னாள், வெட்டியாச்சு. ஊர் தன் கட்சியைச் சொன்னது, "அது எப்பவும் லேட்டாத்தானுங்க சொல்லும், ஆனாச் சொல்லிரும்." மேடம் மூன்றையும் கேட்டுக்கொண்டார்.

"மரம் பேசுதான்னு எங்க படிவத்துல கட்டம் இல்லைங்க," என்றார். "ஆனா 'பட்டியல் களத்தில் வரிசையாகச் சரிபார்க்கப்பட்டது'ன்னு ஒரு கட்டம் இருக்கு. வரிசையாச் சரிபார்ப்போம். யாரு அந்தக் குரல் மாத்திப் பேசுற பிள்ள?"

ஊர் மொத்தமும் ஒதுங்கி என்னைக் காட்டிக்கொடுத்தது.

"ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்க. வாய் நிறைய வச்சுக்க தாயி. முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. உன் வாய் மூடியிருக்கையில கேக்குறது எதுவோ அது மரம்."

பழனாத்தாள் அக்கா சொம்போடு வந்தாள். இரண்டு கன்னமும் பலூனாக நான் நின்றேன். அப்படியானால் கூப்பிடுவது யார்? எல்லாரும் ஞானப்பிரகாசம் சாரைப் பார்த்தார்கள். அவர் அம்மாவிடமிருந்து பட்டியலின் நகலை வாங்கி, வெட்கப்பட்டு, கல்யாண வீட்டில் பேசச் சொன்னவர் மாதிரி மெல்ல, "ஒன்று" என்றார்.

எந்த மரமும் வாய் திறக்கவில்லை.

"சார், அப்படியில்லீங்க," என்றாள் பழனாத்தாள் அக்கா, "தாரணி கூப்புடறாப்பல கூப்புடுங்."

முப்பது வருஷமாக ஹெட்மாஸ்டர் குரலில் பேசிய மனிதர், கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஒரு செருமல் செருமி, நான் செய்கிற ஞானப்பிரகாசம் சாரைத் தானும் செய்தார். "அமைதி! அமைதி என்றால் என்ன பொருள்? ஒண்ணு!"

"உள்ளேன் ஐயா!"

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் கன்னத்தைத் தட்டிக் காட்டினேன், உள்ளே தண்ணீர் தளும்பியது. மேடம் ஒரு டிக் போட்டார். இரண்டு, மூன்று, சளி பிடித்த பதினாலு, தேய்ந்துபோகிற முப்பத்தொன்று, டிக், டிக், டிக். சாருக்குக் குஷி பிறந்துவிட்டது, நடையே மாறிவிட்டது, முப்பத்தாறில் "சத்தமாக!" என்று ஒரு தேக்கை அதட்டினார், தேக்கு மறுபடி சொன்னது. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு, பாதி ஆணாகவும் பாதி கீச்சாகவும்.

"ஐம்பத்தெட்டு."

காற்று இல்லை. புல்பத்தை பச்சையாக வெயிலில் கிடந்தது. பழனாத்தாள் அக்கா கையில் இல்லாத டம்ளரைக் கவிழ்த்தாள். பால்காரர் காலை ஊன்றினார். குழந்தைவேல் சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஐம்பத்தெட்டு!"

அம்மா பேனா மூடியைக் கழற்றினாள். மாட்டினாள்.

அப்போது கேட்டது. இலை கொஞ்சம் உலுக்கி, நெற்று இல்லாத குறைக்கு ஒரு காய்ந்த குச்சியைத் தட்டி, தொண்டையை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவும் இறக்கி, வாயில் எதையோ மெல்லுகிற பாவனையில், "உள்ளேன்... ஐயா". அந்தக் கடைசி "யா"வில் மட்டும் கீச்சென்று ஒரு பிசிறு.

ப்ராக்ஸி! என் வாயில் தண்ணீர் குமுறியது. இதைவிட மட்டமான ப்ராக்ஸியை நான் கேட்டதே இல்லை. ஆறாம் வகுப்புப் பையன்கூட இதைவிட நன்றாகக் கொடுப்பான். முளைத்த நாளிலிருந்து சுவருக்கு மேலே தலையை நீட்டி அட்டெண்டன்ஸை மட்டுமா கேட்டிருக்கும், அதோடு கூடவே பின்பெஞ்சிலிருந்து வந்த ஆயிரம் ப்ராக்ஸியையும்தானே கேட்டிருக்கும். முப்பத்துநாலு சென்டிமீட்டர் புங்கன், பக்கத்து பெஞ்சுக்காரன் இல்லை என்றதும், தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது.

ஞானப்பிரகாசம் சாரிடம் ப்ராக்ஸி செல்லாது. அவர் காதுக்கு அதற்கென்றே ஒரு நரம்பு உண்டு என்பார்கள். அவர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினார். கண்ணாடிக்கு மேலே ஐம்பத்தேழைப் பார்த்தார். ஐம்பத்தேழு ஒரு இலையும் அசையாமல், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல், ப்ராக்ஸி கொடுத்தவர்கள் எல்லாரும் நிற்பதுபோலவே நின்றது. அவர் புல்பத்தையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தன் சர்வீஸில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார்.

"ஐம்பத்தெட்டு, வருகை" என்றார். "எழுதிக்கொள்ளுங்கள் அம்மா."

மேடம் டிக் போட்டார். "அப்ப மரம் இருக்கு. ரோட்டு நடுவுல இருக்குறதால மனைப் படத்தைத் திருத்திக் கொண்டாங்க குழந்தைவேல். அடுத்தது?"

"ஏனுங்க மேடம்!" குழந்தைவேலின் வெள்ளைச் சட்டை முதல் தடவையாக வேர்த்தது. "இது அநியாயமுங்க! ஐம்பத்தெட்டு எங்கீங்க சொல்லுச்சு? அது ப்ராக்ஸி! ஐம்பத்தேழு குடுத்த ப்ராக்ஸி! நானும் இந்தப் பள்ளிக்கூடத்துலதானுங்க படிச்சேன், எனக்குத் தெரியாதுங்களா ப்ராக்ஸி?"

"அப்படியா," என்றார் சார், நான் எத்தனை தடவை முயன்றும் பிடிபடாத ஒரு மெல்லிய குரலில். "இல்லாத ஆளுக்குத்தானப்பா ப்ராக்ஸி கொடுப்பார்கள். நம்பரே தாண்டிப் போயிருந்தால், யாருக்காக இது கொடுக்கிறது? ஐம்பத்தெட்டு எங்கே?"

"அதை வெட்டித்தான் நாலு நாளாச்சுங்களே!"

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

அந்த நொடியில் என் வாய்த் தண்ணீர் மொத்தமும், மேடத்தின் கூலிங்கிளாஸ் மேல், ஃபைல் மேல், குழந்தைவேலின் சட்டை மேல், பூவாளியாகப் பெய்தது. நான் சிரித்த சிரிப்பு யாருடைய குரலிலும் இல்லை. "அதா, அதுதான் அவ சொந்தச் சிரிப்பு" என்றாள் பழனாத்தாள் அக்கா ஊருக்கு அறிமுகப்படுத்துவதுபோல. மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஈரத் தாளில், ஐம்பத்தெட்டாம் வரிக்கு எதிரே தான் போட்ட டிக்கை அடித்துவிட்டு, அம்மா எழுதியிருந்த "அனுமதியின்றி வெட்டப்பட்டது" என்பதன் கீழே கையெழுத்துப் போட்டார். மரம் நின்ற இடமும் அதைச் சுற்றிப் பத்தடியும் யாருக்கும் விற்காத பொது இடம், ரோடு வளைந்து போகட்டும், நடவேண்டியதை நடட்டும் என்று உத்தரவு வந்தது. அம்மாவின் கையெழுத்து நின்றது, அதன்பின் அதற்கு இன்னும் கனம் கூடி, உடுமலையிலிருந்தெல்லாம் போன் வந்தது.

இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன. ரோடு கேட்டிலிருந்து நேராகப் போய், ஒரு காலி இடத்தை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போகிறது. புதிதாக வருகிற லாரிக்காரர்கள் "இங்க என்னங்க இருக்கு?" என்று கேட்டால், "ஐம்பத்தெட்டு" என்கிறார்கள், அவர்களும் ஹார்ன் அடிக்காமல் வளைத்துப் போகிறார்கள். குழந்தைவேலே தன் செலவில் அந்த இடத்தின் ஓரமாக ஒரு வாகைக் கன்று நட்டார். ஐம்பத்தெட்டு என்று போர்டு வைக்க வந்தவரை அம்மா தடுத்து நூற்றுப் பதின்மூன்று என்று எழுத வைத்தாள். அதைக் கூப்பிட்டால் இன்னும் "ங்கா" என்றுதான் சொல்கிறது. சார் அதையும் வருகையாகவே எடுத்துக்கொள்கிறார். ஆமாம், இப்போது தினமும் காலையில் அட்டெண்டன்ஸ் எடுப்பது அவர்தான், பள்ளிக்கூடம் போகிற வழியில். தினமும் ஐம்பத்தேழு இரண்டு தடவை பதில் சொல்கிறது, ஒரு தடவை தனக்காக, ஒரு தடவை மட்டமாக. ப்ராக்ஸி கொடுக்கிறவனுக்கு லீவே கிடையாது என்பது எனக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

சித்திரையில் குழாய் போட வந்தவர்கள் ஐம்பத்தேழின் வேரை ஒரு பக்கம் தோண்டிவிட்டார்கள். இலையெல்லாம் சுருண்டு போனது. மண்ணை மூடி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா சொன்ன மறுநாள் காலையில், நான் ஐம்பத்தேழுக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குடத்தோடு உட்கார்ந்திருக்கும்போது சார் வந்தார். ஐம்பத்தாறு ஆனது.

"ஐம்பத்தேழு."

பதில் இல்லை. ஊர் திரும்பிப் பார்த்தது. எப்போதும் ப்ராக்ஸிக்கு முன்னால் வருகிற குறுகுறுப்பு எனக்கு இப்போது வரவில்லை. தொண்டையைப் பாதி ஆணாகவும் பாதி கீச்சாகவும் வைத்துக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றேன். டிக் விழுகிற சத்தம் கேட்டது.

"ஐம்பத்தெட்டு."

"உள்ளேன்... ஐயா" என்றேன் உடனே, அடித்தொண்டையில், பிசிறில்லாமல், மெல்லுகிற வாயோடு. அசல்கூட அப்படிச் சொல்லியிருக்காது.

இந்தத் தடவை டிக் விழவில்லை. பிறகு, பட்டியலிலிருந்து தலையைத் தூக்காத குரலில் சார் சொன்னார்:

"ஐம்பத்தெட்டு இவ்வளவு சீக்கிரம் சொல்லாது, அம்மா."

மறுபடி கூப்பிட்டார். நான் காத்திருந்தேன். பால்காரர் காலை ஊன்றினார், பழனாத்தாள் அக்கா டம்ளரைக் கவிழ்த்தாள், சின்னக்கரடு மொத்தமும் மூச்சைப் பிடித்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வேண்டிய மட்டும் லேட்டாக்கிவிட்டு, சொன்னேன்.